கருவுற்ற தாய்க்கு மருந்து: அச்சமும் சான்றும்

(மன்னார்குடியில் கிராம சுகாதாரச் செவிலியர்களும் மருந்துக்கடை நடத்துவோரும் மகளிர் சுய உதவிக் குழுவினரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தவுடன் நம் வீடுகளில் முதலில் எழும் பேச்சு, அவள் எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்பதுதான். பப்பாளியும் அன்னாசியும் எள்ளும் அன்றைக்கே விலக்கப்படுகின்றன. அதே அக்கறையில், அவள் அதுவரை சாப்பிட்டுவந்த மாத்திரைகளையும் பல வீடுகளில் யாரையும் கேட்காமல் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் நான்கைந்து மாதம் கழித்து இடுப்பு வலிக்கிறது என்று மருந்துக்கடையில் சொன்னால், எத்தனையாவது மாதம் என்ற கேள்விகூட இல்லாமல் வலி மாத்திரை கைக்கு வந்துவிடுகிறது. வேண்டிய மருந்தை நிறுத்துவதாலும் தீங்கு உண்டு, வேண்டாத மருந்தைக் கொடுப்பதாலும் தீங்கு உண்டு. இரண்டாவதைப் பற்றி ஊரில் நிறையப் பேசுகிறோம். முதலாவதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஆகவே இன்று அதற்குச் சற்று அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

மருந்தைக் கண்டு தாய்மார் அஞ்சுவதற்கு வரலாற்றில் காரணம் இருக்கிறது. 1957இல் மேற்கு ஜெர்மனியில் தாலிடமைடு என்ற தூக்க மாத்திரை விற்பனைக்கு வந்தது. மசக்கை வாந்திக்கும் அதைக் கொடுத்தார்கள். 1961 இறுதியில் அது திரும்பப் பெறப்படுவதற்குள், கை கால் குறைபாட்டோடு பல நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்துவிட்டார்கள். அமெரிக்காவில் பிரான்சிஸ் கெல்சி என்ற அரசு அலுவலர், போதிய சான்று காட்டும்வரை அனுமதி தர முடியாது என்று நிறுவனத்தின் நெருக்குதலுக்கு அசையாமல் நின்றதால் அங்கே அது கடைகளுக்கு வரவில்லை. அவர் மருந்தே கூடாது என்று சொல்லவில்லை, சான்று கேட்டார் என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

சான்று என்றால் என்ன? எந்த மருந்தும் சாப்பிடாத, எந்த நோயும் இல்லாத தாய்மாருக்குப் பிறக்கும் நூறு குழந்தைகளிலும் இரண்டு அல்லது மூன்று குழந்தைகளுக்குப் பெரிய பிறவிக் குறைபாடு ஏதேனும் இருக்கும். ஆகவே ஒரு தெருவில் ஒருத்தி ஒரு மாத்திரை சாப்பிட்டாள், அவள் குழந்தைக்குக் குறை இருந்தது என்ற செய்தி மட்டும் எதையும் நிறுவாது. அந்த மாத்திரையைச் சாப்பிட்ட ஆயிரக்கணக்கான பெண்களையும் சாப்பிடாத ஆயிரக்கணக்கான பெண்களையும் கணக்கெடுத்து, இந்த இரண்டு மூன்று என்ற எண் கூடியிருக்கிறதா என்று பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இப்படிப் பார்க்காமல் அச்சத்துக்கு இடம் கொடுத்தால் என்ன நேரும் என்பதற்கு மசக்கை மாத்திரையே எடுத்துக்காட்டு. டாக்ஸிலமினும் பைரிடாக்ஸின் என்னும் வைட்டமின் பி6உம் சேர்ந்த மாத்திரையை நம் ஊர் மருத்துவர்களும் இன்று எழுதித் தருகிறார்கள். இந்த இரண்டும் அடங்கிய மாத்திரை அமெரிக்காவில் 1956 முதல் விற்கப்பட்டது. பிறவிக் குறைபாட்டுக்கு இதுவே காரணம் என்று வழக்குகள் குவிந்ததால் 1983இல் நிறுவனம் அதை நிறுத்திக்கொண்டது. மாத்திரை போனது, குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகளின் விகிதம் குறையவில்லை. அது காரணமாக இருந்திருந்தால் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? வாந்தி தாங்காமல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கர்ப்பிணிகளின் எண்ணிக்கைதான் கூடியது. 2013இல் அந்நாட்டு மருந்து ஆணையமே அதே கூட்டுக்கு மீண்டும் அனுமதி தந்தது. இடையில் முப்பது ஆண்டுகள் எத்தனை தாய்மார் பச்சைத் தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல் வாடியிருப்பார்கள் என்பதை எண்ணினால் மனம் கனக்கிறது.

பாராசிட்டமால் பற்றியும் உங்களில் பலர் கேட்டீர்கள். 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர், கருவுற்ற பெண்கள் அதைத் தவிர்க்க வேண்டும், அது பிள்ளைக்கு ஆட்டிசம் வருவதோடு தொடர்புடையது என்று பேசியதும், அந்தச் செய்தி கைப்பேசி வழியாக நம் கிராமங்களுக்கும் வந்து சேர்ந்தது. இந்தக் கேள்வியை ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் ஏற்கெனவே ஆராய்ந்து 2024இல் முடிவை வெளியிட்டிருந்தார்கள். 1995 முதல் 2019 வரை அங்கே பிறந்த ஏறத்தாழ 24.8 லட்சம் குழந்தைகளின் பதிவேடுகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மேலோட்டமாகப் பார்த்தபோது, பாராசிட்டமால் சாப்பிட்ட தாய்மாரின் பிள்ளைகளிடம் ஆட்டிசம் மிகச் சிறிய அளவில் கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் அந்த மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்குக் காய்ச்சலோ ஒற்றைத் தலைவலியோ வேறு நோயோ இருக்கும். குடும்ப வழியாக வரும் கூறுகளும் உண்டு. ஆகவே ஒரே தாயின் இரண்டு பிள்ளைகளை, அதாவது ஒரு பிள்ளையைச் சுமந்தபோது மாத்திரை சாப்பிட்டு, இன்னொரு பிள்ளையைச் சுமந்தபோது சாப்பிடாத தாயின் பிள்ளைகளை, ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அப்போது அந்தச் சிறு வேறுபாடும் மறைந்துவிட்டது. இந்த ஆய்வு முறையை நான் பெரிதும் மதிக்கிறேன். குடும்பமும் மரபணுவும் பெருமளவுக்குப் பொதுவாக இருக்கும் இடத்தில் மருந்தை மட்டும் பிரித்துப் பார்க்க இதைவிட நேர்மையான வழி எளிதில் கிடைக்காது. கருவின் தொடக்க வாரங்களில் கடுங்காய்ச்சலை அப்படியே விடுவது குழந்தையின் மூளை, தண்டுவட வளர்ச்சிக்குக் கேடாகலாம் என்பதும் தெரிந்த செய்தி. காய்ச்சல் வந்த கர்ப்பிணிக்குப் பாராசிட்டமாலை, வேண்டிய அளவில், வேண்டிய நாள்வரை கொடுப்பதே சரி. அதோடு காய்ச்சலின் காரணத்தையும் கண்டறிய வேண்டும்.

உண்மையிலேயே தீங்கு செய்யும் மருந்துகளும் உண்டு. வலிப்புக்குக் கொடுக்கப்படும் சோடியம் வால்ப்ரோயேட் அவற்றுள் முதன்மையானது. அதைச் சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் பெரிய பிறவிக் குறைபாடும், முப்பது முதல் நாற்பது பேர் அளவில் அறிவு வளர்ச்சிச் சிக்கல்களும் காணப்பட்டிருக்கின்றன. இதைக் கேட்டதும் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது என்பதை மன்றாடிச் சொல்கிறேன். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு மீண்டும் மூர்க்கமாக வரும். ஆற்றிலும் வாய்க்காலிலும் குளத்திலும் இறங்கிக் குளிப்பது நம் ஊர் வழக்கம். முழங்கால் தண்ணீரில் நிற்கும்போது வலிப்பு வந்தால்கூடத் தாயும் சேயும் சேர்ந்து போய்விடுவார்கள். கலியாணம் பேசும்போதே, அல்லது பிள்ளை வேண்டும் என்று முடிவு செய்யும்போதே மருத்துவரிடம் போனால், லாமோட்ரிஜின், லெவெடிரசெட்டம் போன்ற, குறைபாட்டு விகிதத்தை அவ்வளவாகக் கூட்டாத மருந்துக்குப் படிப்படியாக மாற்ற முடியும். பெண்ணுக்கு வலிப்பு இருப்பதை மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்கும் வழக்கம் இந்த வாய்ப்பையே இல்லாமல் செய்துவிடுகிறது. இதை மருத்துவச் சிக்கல் என்பதைவிட நம் சமூகத்தின் சிக்கல் என்றே சொல்வேன்.

ஏன் முன்கூட்டியே என்கிறேன் என்றால், குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கரு உண்டான 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. நாள் தள்ளிப்போயிருப்பதைப் பெண் கவனிக்கும்போதே அந்த வேலை பெரும்பகுதி முடிந்திருக்கும். 1991இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஏழு நாடுகளில் நடத்திய சோதனையின் முடிவு வெளிவந்தது. முன்பு நரம்புக்குழாய்க் குறையோடு குழந்தை பெற்ற தாய்மார், கருவுறும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் சாப்பிட்டபோது அந்தக் குறை மீண்டும் வருவது 72 விழுக்காடு குறைந்தது. ஒரு சின்ன மாத்திரை செய்த வேலை இது.

இரத்தக் கொதிப்புக்கான எனலாபிரில், லோசார்டன், டெல்மிசார்டன் வகை மாத்திரைகள் கர்ப்பத்தின் பிற்பகுதியில் குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். லேபெடலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா ஆகியவை மாற்றாக உள்ளன. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் 20 வாரத்துக்குப் பின் பனிக்குட நீரைக் குறைக்கலாம். கடைசி மூன்று மாதங்களில் குழந்தையின் இதயத்தருகே திறந்திருக்க வேண்டிய இரத்தக்குழாயை முன்னதாகவே மூடச் செய்யலாம். மருந்துக்கடை அன்பர்கள் இந்த ஒன்றையாவது நினைவில் வைத்து, கேட்டுவிட்டுக் கொடுங்கள். ஆனால் இரத்தக் கொதிப்பு வரக்கூடிய தாய்க்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த குறைந்த அளவு ஆஸ்பிரினை இதோடு குழப்பி நிறுத்திவிட வேண்டாம். அது காக்கும் மருந்து.

இரும்புச்சத்து மாத்திரை பற்றி, மலம் கறுப்பாகப் போகிறது, குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்று வாங்கிவைத்துச் சாப்பிடாமல் விடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மலம் கறுப்பது மாத்திரையின் இயல்பு. குழந்தையின் நிறத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. அரசுத் திட்டத்தில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரையை நான்காம் மாதம் முதல் நாள்தோறும் ஒன்றாக 180 நாள் தருகிறார்கள். காப்பியோ டீயோ குடிக்கும் நேரத்தில் அதைச் சாப்பிட்டால் இரும்பு உடலில் சேர்வது குறைந்துவிடும். கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

நடவுக்கும் களைக்கும் போகும் பெண்களுக்காக ஒன்று: பாம்பு கடித்தால், பிள்ளை வயிற்றில் இருக்கிறது என்று விஷமுறிவு ஊசிக்குத் தயங்கக் கூடாது. கர்ப்பிணிக்கும் மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே அளவுதான்.

நாட்டு மருந்துக்கும் இதே கேள்விகளைக் கேளுங்கள். இந்தியாவில் தயாரான ஆயுர்வேத மருந்துகளைச் சாப்பிட்ட ஆறு கர்ப்பிணிகளின் இரத்தத்தில் ஈயம் மிகுந்திருந்ததை 2011-12இல் நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை கண்டறிந்தது. முறையாகப் படித்த சித்த மருத்துவரிடம் போவது வேறு, உலோகங்களையும் கனிமங்களையும் புடமிட்டுச் செய்யும் பற்பத்தைப் பெயரில்லாத பொட்டலத்தில் வாங்குவது வேறு.

இறுதியாகச் செவிலியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தலைப்பிரசவத்துக்கு வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீடு போகும்போது மருத்துவரும் மாறுகிறார், மருந்துக்கடையும் மாறுகிறது, செவிலியரும் மாறுகிறார். புகுந்த வீட்டில் தொடங்கிய மாத்திரை பாதியில் நிற்பதும், இரண்டு பேர் எழுதியதை இரட்டிப்பாகச் சாப்பிடுவதும் இங்கேதான் நடக்கின்றன. அவள் கிளம்பும் முன், சாப்பிடும் ஒவ்வொரு மருந்தின் பெயரையும் அளவையும் காரணத்தையும் தாய் சேய் நல அட்டையில் எழுதிக் கொடுங்கள். மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப்போகச் சொல்லுங்கள். எந்த மருந்தாலாவது கேடு நேர்ந்ததாக ஐயம் எழுந்தால், உறுதியாகத் தெரியும்வரை காத்திராமல், இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024இல் தெரிவியுங்கள். மருத்துவர் மட்டுமல்ல, செவிலியரும் மருந்தாளுநரும் அந்தப் பெண்ணுமேகூடத் தெரிவிக்கலாம்.