அல்சைமர் "பரவும்"னா யாருக்குப் பரவும்? அல்சூர் நேயரின் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி, நம்ம பெங்களூர் அல்சூர்லேருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்காங்க. படிக்கிறேன். "மாமியாருக்கு 74 வயசு. அல்சைமர். முதல்ல மறதி மட்டும்தான் இருந்துச்சு. இப்போ சோமேஸ்வரர் கோயிலுக்குப் போனா வீட்டுக்கு வழி தெரியாம நின்னுடறாங்க. நோய் பரவிட்டு வருதுன்னு டாக்டர் சொன்னார். அதுலேருந்து வீட்ல அவங்களுக்குத் தட்டு, டம்ளர் தனி. பேத்தியைப் பக்கத்துல படுக்க விடறதில்ல. நாங்க செய்யறது சரியா?"

இல்லம்மா. அந்தத் தட்டை இன்னைக்கே மத்த தட்டுங்களோட சேர்த்து வைங்க. டாக்டர் சொன்ன பரவல் அவங்க மூளைக்குள்ள நடக்கறது. கூட உட்கார்ந்து சாப்பிட்டா, எச்சில் பட்டா, கட்டிப்பிடிச்சுத் தூங்கினா இது யாருக்கும் வராது. ஒரு விஷயம் மறைக்காம சொல்லிடறேன். இறந்தவங்களோட பிட்யூட்டரி சுரப்பியிலேருந்து எடுத்த வளர்ச்சி ஹார்மோனை ஒரு காலத்துல குழந்தைகளுக்கு ஊசி போட்டாங்க. பிரிட்டன்ல 1985-லயே நிறுத்தியாச்சு. அந்த ஊசி போட்டுக்கிட்டவங்கள்ல சிலருக்குப் பல வருஷம் கழிச்சு அல்சைமர் வந்திருக்கறதா 2024-ல லண்டன் ஆய்வாளர்கள் எழுதினாங்க. அதுக்கும் உங்க வீட்டுச் சமையலறைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

சரி, மூளைக்குள்ள எப்படிப் பரவுது? நரம்பு செல்லுக்குள்ள சரக்கு போய்வர நுண்குழாய்கள் இருக்கு. அதைக் கலையாமப் பிடிச்சு வைக்கறது டௌன்னு ஒரு புரதம். அல்சைமர்ல இந்த டௌ கழண்டு, கோணலா மடங்கி, முடிச்சுப் போட்டுக்குது. கோணலான டௌ, நரம்பு இணைப்பைத் தாண்டி அடுத்த செல்லுக்குப் போய், அங்க நல்லா இருக்கற டௌவையும் தன்னை மாதிரியே கோணலாக்கிடுது. நம்ம ஊர்ல ஒரு துக்கம்னா, சேதி பெங்களூர்ல எதிர் வீட்டுக்காரருக்குத் தெரியாது. சென்னையில, மும்பையில இருக்கற சொந்தக்காரங்களுக்கு உடனே போயிடும் இல்லையா? இதுவும் அப்படித்தான். பக்கத்துல இருக்கற இடத்தைவிட, இணைப்பு பலமா இருக்கற இடத்துக்குத்தான் முதல்ல போகுது.

ஹைகோ பிராக், எவா பிராக்னு ஜெர்மனியில கணவன் மனைவி ரெண்டு பேர், இறந்தவங்க மூளைகளை ஆராய்ஞ்சு, 1991-ல இதை ஆறு கட்டமாப் பிரிச்சுக் காட்டினாங்க. பெரும்பாலும் காதுக்கு உள்பக்கமா, என்டோரைனல் கார்ட்டெக்ஸ்ங்கற பகுதியை ஒட்டித்தான் இந்த முடிச்சுங்க ஆரம்பிக்குது. அடுத்தது ஹிப்போகாம்பஸ். புது ஞாபகம் பதியறதுக்கு இந்த ரெண்டும் வேணும். நாம எந்த இடத்துல நிக்கறோம்னு கணக்கு வைக்கற செல்களும் அதே என்டோரைனல் பகுதியிலதான் இருக்கு. அந்தக் கண்டுபிடிப்புக்கு 2014-ல நோபல் பரிசு குடுத்தாங்க. அதனால உங்க மாமியாருக்கு வழி தவறறது புதுசா வந்த வேற நோய் இல்ல. பார்வை, கை கால் அசைவுக்கான முதன்மைப் பகுதிங்க கடைசியிலதான் பாதிக்கப்படும். நல்லா நடக்கறாங்க, நல்லாப் பார்க்கறாங்க. வர்றவங்க எல்லாம் "நல்லாத்தானே இருக்காங்க, வேணும்னே பண்றாங்களோ"ன்னு கேட்பாங்க. அந்தப் பேச்சைத் தயவுசெஞ்சு நம்பாதீங்க. அவங்க வேணும்னு எதுவும் பண்ணலை.

செல்லுக்குச் செல் தாவுதுங்கறதுக்கு என்னை அசரவச்ச ஆதாரம் பார்க்கின்சன்ங்கற நடுக்க நோய்ல கிடைச்சது. அங்க புரதம் வேற, ஆல்பா சைன்யூக்ளின். சிகிச்சைக்காக நோயாளிங்க மூளையில, கருவிலேருந்து எடுத்த இளம் நரம்பு செல்களை வச்சிருந்தாங்க. பத்து வருஷத்துக்கும் மேல கழிச்சு, அவங்க இறந்தபிறகு பார்த்தா, சிலர்கிட்ட அந்தப் புது செல்களுக்குள்ளயும் பார்க்கின்சனோட புரதக் கட்டிங்க! 2008-ல வெளியான முடிவு இது. அவ்வளவு இளசான செல்லுக்கு அது தானா வந்திருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. ஆனா இணைப்பு மட்டுமே காரணம்னும் சொல்லிட முடியாது. சில செல்கள் இயல்பாவே சீக்கிரம் பாதிக்கப்படும்.

இந்தப் பரவலை முழுசா நிறுத்தற மருந்து இன்னும் வரலை. லெக்கானெமாப் மாதிரி புது மருந்துங்க, ஆரம்ப கட்டத்துல, வேகத்தைக் கொஞ்சம் குறைக்குது, அவ்வளவுதான். நீங்க செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு: மறதி எப்போ, வழி தவறினது எப்போ, பேச்சுத் தடுமாற்றம் எப்போன்னு தேதியோட எழுதி வைங்க. எது முதல்ல வந்ததுங்கறது டாக்டருக்கு ரொம்ப முக்கியம். முதல்ல குணம் மாறினா மூளையில பாதிக்கப்பட்டது ஒரு நரம்பு வலைப்பின்னல், முதல்ல பேச்சு போனா இன்னொண்ணு. நம்ம பெங்களூர் மனநல, நரம்பியல் மருத்துவமனை நிம்ஹான்ஸ்ல காட்டறதா இருந்தா அந்த நோட்டையும் எடுத்துட்டுப் போங்க. கோயிலுக்குப் போறதை நிறுத்தாதீங்க, கூட யாராவது போங்க. அவங்க சுருக்குப் பையில உங்க போன் நம்பர் எழுதின சீட்டு ஒண்ணு எப்பவும் இருக்கட்டும், தமிழ்லயும் கன்னடத்துலயும்.