காணாமல் போன இருபத்து மூன்றாம் வாரம்

(கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வாயனசாலை, அதாவது நூலகம் ஒன்றில், வாசிப்பு நாள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை தாங்கும் பஞ்சாயத்துத் தலைவர் அவர்களே, வாயனசாலைச் செயலாளர் அவர்களே, சித்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கும் தலைமையாசிரியை அவர்களே, பொன்னாடை போர்த்திய விழாக்குழுத் தம்பிகளே, முன்வரிசைப் பெரியோர்களே, பின்வரிசையில் போன் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே, வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். மைக்செட் தம்பியையும் சேர்த்துக்கொள்கிறேன். அவர் மனம் வைத்தால்தான் என் பேச்சு உங்கள் காதுக்கு வரும்.

1945இல் 47 நூலகங்களை ஒன்று சேர்த்துச் சங்கம் கண்டவர் பி.என். பணிக்கர். அவர் மறைந்த ஜூன் 19ஐத்தான் 1996 முதல் வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறோம். இன்று மூன்று விஷயம் சொல்லலாம் என்று வந்தேன்: காகிதம், கண்ணாடி, கஜானா.

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும். இதைச் சொல்லாமல் நான் மேடை இறங்கினால் நீங்களே கூப்பிட்டுக் கேட்பீர்கள்!

பிறந்ததிலிருந்து நான் காகிதக் கட்சி. 1926இல் தொடங்கிய விகடன், 1941இல் வந்த கல்கி, 1947இல் வந்த குமுதம் எல்லாம் பொள்ளாச்சி பஸ்ஸின் கூரையிலிருந்துதான் எங்களுக்கு இறங்கின. 1956 நவம்பர் 1இல் இந்தப் பக்கம் கேரளம் என்றார்கள். பஸ் கூரைக்கு அதெல்லாம் தெரியாது.

எங்கம்மா தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்துவிடுவார். பழைய காலண்டர்தான் அட்டை. அப்படித் தைத்த ஒரு கதையில் இருபத்து மூன்றாம் வாரம் மட்டும் கிடையாது. ஏன்? கட்டு இறங்கிய அன்றைக்கு நல்ல மழை, எங்கள் பிரதி நனைந்துவிட்டது. காயட்டும் என்று டீக்கடைக்காரர் அடுப்பு மேடையில் விரித்துவைத்தார். அவர் மச்சான் வந்தார். பழைய தாள் என்று நினைத்து, கிழித்துப் பருப்பு வடையை மடித்துக் கொடுத்துவிட்டார். யாருக்கு? எங்கப்பாவுக்கு! வடையை நாங்கள் தின்றோம். எண்ணெய் ஊறிய தாளை ஆட்டுக்குட்டி தின்றது. விஷயம் தெரிந்ததும் அன்று ராத்திரி வீட்டில் அடுப்பு எரியவில்லை.

இருபத்திரண்டாம் வாரத்தில் கதாநாயகி எழும்பூர் ஸ்டேஷனில் நிற்கிறாள். இருபத்து நாலில் தஞ்சாவூரில் யாரோ வீட்டுத் திண்ணையில் அழுகிறாள். நடுவில் என்ன ஆச்சு? "ரயில்ல யாரையோ பார்த்திருக்கா" என்பார் அம்மா. கண்ணை மூடும்வரை அதே சந்தேகம்.

2020 வந்தது. செக்போஸ்ட்டை அடைத்தார்கள். பஸ் இல்லை, கட்டும் இல்லை. அந்த வருஷம்தான் கல்கியும் அச்சை நிறுத்தியது. பேத்தி ஒரு டேப்லெட்டைக் கையில் கொடுத்தாள். நான் பழக்கதோஷத்தில் விரலில் எச்சில் தொட்டுத் தள்ளினேன். "அப்பாரு, இது கண்ணாடிங்க!" என்று துப்பட்டாவால் துடைத்தாள்.

பி.டி.எஃப். பக்கத்தோடு ஒரு வாரம் சண்டை. எழுத்தை விரித்தால் வரியின் வால் திரைக்கு வெளியே போய்விடும், வரிக்கு வரி இழுக்க வேண்டும். பிறகு பேத்தி இன்னொரு வழி காட்டினாள். எழுத்தை மட்டும் பெரிதாக்கினால் வரி தானாக மடிந்து நிற்கிறது. கண்புரை அறுத்த எனக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? முன்பு படிக்க வெயில் பார்த்துத் திண்ணைக்கு வருவேன். இப்போது கொசுவலைக்குள்ளேயே நடக்கிறது. மாடு அதேதான், கறக்கும் விதம்தான் வேறு.

ஒரு ராத்திரி, பழைய இதழ்களை ஸ்கேன் செய்து ஏற்றியிருக்கும் மின்னூலகத்தில் துழாவும்போது அந்த இதழே வந்து நின்றது. ஏதோ ஒரு வீட்டுப் பிள்ளை கதாநாயகி படத்துக்கு நீல மையில் மீசை வரைந்திருந்தது. கை நடுங்கப் படித்தேன். என்ன நடந்தது தெரியுமா? ஒன்றுமே நடக்கவில்லை! ரயில் ஏறினாள், விழுப்புரத்தில் காபி குடித்தாள், தஞ்சாவூரில் இறங்கினாள். எழுந்து போய் அம்மா படத்துக்கு முன்னால் நின்று, "யாரையும் பார்க்கலைம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். காகித விலையைப் பற்றிச் சொல்ல இருந்ததை விட்டுவிடுகிறேன். கஜானாவுக்கு வருகிறேன். நம் வாயனசாலையில் தமிழ் ரேக் எங்கே இருக்கிறது? துடைப்பத்துக்குப் பக்கத்தில். அதிலும் ஒரு நாளிதழ், அதுவும் நேற்றையது. மலையாளப் பத்திரிகை அத்தனையும் இருக்கட்டும், நானும் வாசிக்கிறேன். ஆனால் தமிழ் இதழ்களுக்குச் சந்தா வேண்டும், இரண்டு டேப்லெட் வேண்டும், அதைச் சார்ஜ் போட ஒரு பிளக் பாயின்ட்டும் வேண்டும். டேப்லெட் வந்துவிட்டதே, தாள் எதற்கு என்று கேட்பார்கள், ஏமாந்துவிடாதீர்கள். பாடிக் கறக்கிற மாட்டை யாராவது அடிமாட்டுக்கு அனுப்புவார்களா?

1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டப்படி கேரளத் தமிழர்கள் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம். அதனால் மனுவைத் தமிழிலேயே எழுதி வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். தலைவர் முதல் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார், இத்தனை பேர் முன்னால் இனி அவர் மாற முடியாது. பேனா ஒன்றுதான் இருக்கிறது, போகிற போக்கில் பையில் போட்டுக்கொண்டு போய்விடாதீர்கள். வணக்கம்.