கிட் காருக்கு பெடல் செட் எடுக்குறதுக்கு முன்னால இத பாருங்க | தலவாக்கலை கராஜ்

வணக்கம் மக்களே, சத்தம் கேக்குதா, தகரத்துல மழை அடிக்குது, அதனால கொஞ்சம் கத்தித்தான் பேசணும். வீட்டுக்கு பின்னால இருக்குற கராஜ்லதான் நிக்கிறேன். லோட்டஸ் செவன்னு ஒரு பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார் இருக்கு, அது மாதிரி நம்ம அடிச்ச கிட் கார், அதாவது பாகங்கள சேத்து நம்மளே கட்டுற கார், இப்ப நாலு டயர்ல நிக்குது, போன வீடியோவுல பாத்தீங்க, அதுக்கப்புறம் நெறைய பேர் கேட்டது பெடல் என்ன போட போறீங்கன்னுதான்.

மொதல்ல நடந்தத சொல்லிடுறேன். பழைய கொரோலா டிஎக்ஸ்ல கழட்டின பெடலும், மிதிக்கிற பலத்த பிரேக் ஒயில் அழுத்தமா மாத்துற மாஸ்டர் சிலிண்டரும் கையில இருந்துச்சு, காசு மிச்சம்னு அதையே மாட்டினேன், மிதிக்கு பலம் கூட்டிக் குடுக்குற பூஸ்டர் வைக்க எடமே இல்ல, அத விட்டுட்டு பெடல்ல இருந்து வர்ற ராட நேரா சிலிண்டர்ல புடிச்சிட்டேன். தோட்டத்து ரோட்டுல எறக்கத்துல மெதுவா உருட்டுறேன், பெடல மிதிச்சா கல்லு மாதிரி நிக்குது, மிதிக்க மிதிக்க கார் போய்க்கிட்டே இருக்கு, கடைசியில ஹேண்ட்பிரேக்க இழுத்து ரோட்டோரக் கானுக்கு ஒரு முழம் முன்னால நிப்பாட்டினேன். கீழ கொழுந்து எடுத்துக்கிட்டு ஆளுங்க நின்னாங்க. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

அப்புறம் உக்காந்து கணக்கு போட்டேன். பூஸ்டர் உள்ள கார்ல பெடல் ரேஷியோ சுமாரா 4க்கு 1தான் இருக்கும், மிச்ச பலத்த பூஸ்டர் குடுத்துரும். பூஸ்டர் இல்லைன்னா 6க்கு 1 பக்கத்துல வேணும். ரேஷியோன்னா வேற ஒன்னும் இல்ல, பெடல் திரும்புற பின்ல இருந்து கால் வைக்கிற எடம் எவ்வளவு தூரம், அதே பின்ல இருந்து சிலிண்டர் ராட் புடிக்கிற எடம் எவ்வளவு தூரம், மொதலாவத ரெண்டாவதால வகுக்கணும். இங்க பாருங்க, இது கொழுந்து நிறுக்கிற கொக்கி தராசு, அம்மாவோட காலத்துது. இத பெடல்ல மாட்டி 10 கிலோ வர்ற வரைக்கும் இழுக்குறேன், ராடுக்கு அந்தப்பக்கம் ஆள் ஏறி நிக்கிற தராச முட்டு குடுத்து வச்சிருக்கேன், அதுல எவ்வளவு காட்டுது? 41. டிஎக்ஸ் பெடல் 4தான்னு கண்ணால பாத்தாச்சு.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வாறேன், இதுலதான் நெறைய பேர் காச விடுறாங்க. வில்வுட், டில்டன் மாதிரி கம்பெனி விக்கிற பெடல் பொக்ஸ்ல, அதாவது ரெடிமேட் பெடல் செட்டுல, முன் பிரேக்குக்கு ஒரு சிலிண்டர், பின் பிரேக்குக்கு ஒரு சிலிண்டர், நடுவுல ரெண்டுக்கும் பலத்த பிரிச்சு குடுக்குற பேலன்ஸ் பார். அப்ப உங்க கால் பலம் ரெண்டா பிரியும். நம்ம டிஎக்ஸ்ல இருந்தது ஒரே டேன்டம் சிலிண்டர், ஒரே குழாய்க்குள்ள ரெண்டு பிஸ்டன் ஒன்னுக்கு பின்னால ஒன்னு இருக்கும், 13/16 இஞ்சி, அதுல ரெண்டு லைனுக்கும் முழு பலமும் போகும். 40 கிலோ மிதி, 4 மடங்கு, 160 கிலோ, அத சிலிண்டரோட பரப்பு 3.34 சதுர சென்டிமீட்டரால வகுத்தா சதுர சென்டிமீட்டருக்கு 48 கிலோ பிரஷர். சரி, புது பொக்ஸ், 6 மடங்கு, 240 கிலோ, பாதியா பிரிஞ்சா 120, அதுல 3/4 இஞ்சி சிலிண்டர் போட்டா 42தான் வருது! அவ்வளவு காசு குடுத்து வாங்கிட்டு முன்ன இருந்தத விட மோசம். அதே பொக்ஸ்ல 5/8 போட்டா 60 வருது. அதனால பொக்ஸ் எந்த பிராண்டுங்கிறத விட சிலிண்டர் சைஸ்தான் முக்கியம். ஆனா சின்ன சிலிண்டர்ல பெடல் நீளமா போகும், 3/4ஓட பாத்தா ஒன்னரை மடங்குக்கு கொஞ்சம் கம்மி, அதுக்கு முன்னால கால் எடம் இருக்கான்னு பாத்துக்குங்க.

பூஸ்டர் போட்டா என்னன்னு கேப்பீங்க. எடம் இல்லைங்கிறது ஒரு பக்கம். இன்னொன்னு, பூஸ்டர் வேலை செய்யிறதே வெளிக்காத்து அழுத்தத்தாலதான், நுவரெலியா 1868 மீட்டர் உயரம், அங்க அழுத்தம் கடற்கரையில இருக்குறதுல சுமார் அஞ்சுல நாலு பங்குதான், அந்த அளவுக்கு உதவியும் கொறையும். நேரா மிதிக்கிற பெடலுக்கு கொழும்பும் ஒன்னுதான் நுவரெலியாவும் ஒன்னுதான். றம்பொடை வளைவுல எறங்கும்போது எனக்கு அந்த நம்பிக்கை வேணும்.

தரையில நிக்கிற பெடலா, மேல இருந்து தொங்குறதா? பெரியப்பாகிட்ட மொரிஸ் மைனர் இருந்துச்சு, அதுல மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் காலுக்கு அடியில சேசிக்குள்ள இருக்கும், பிரேக் ஒயில் பாக்க காப்பெட்ட தூக்கணும், அதனாலயே யாரும் பாக்குறதில்ல. நம்ம ஊரு மழைக்கு சேறும் தண்ணியும் அங்கதான் தேங்கும். சிலிண்டர், சக்கரத்துல டிஸ்க்க புடிக்கிற காலிப்பர விட கீழ போயிட்டா ஒயில் திரும்பி வராம இருக்க 2 பிஎஸ்ஐ அழுத்தத்த புடிச்சு வைக்கிற வால்வு ஒன்னும் லைன்ல போடணும். மூக்கு தாழ்வா இருக்குற காருக்கு தரை பெடல விட்டா வழி இல்ல, ஆனா செவனுக்கு தொங்குறதுதான் சரி, பொனட்ட தொறந்தா ஒயில் டப்பா கண்ணுக்கு முன்னால நிக்குது.

அப்புறம் மாட்டுற தகடு. அவசரத்துல ஆள் 100 கிலோ மிதிப்பான், 6 மடங்குன்னா 600 கிலோ அந்த தகட்டுல விழுது, மெல்லிசு தகடு வளைஞ்சு குடுக்கும், பெடல் பஞ்சு மாதிரி இருக்கும், நீங்க லைன்ல காத்து இருக்குன்னு நெனச்சு அத வெளிய எடுக்க பிளீட் பண்ணிக்கிட்டே இருப்பீங்க. நான் 3 மில்லிமீட்டர் தகடு போட்டு பின்னால பைப்போட சேத்து வெல்ட் பண்ணிட்டேன்.

பேலன்ஸ் பார முன்னுக்கு கொஞ்சம் கூட வைங்க. எறக்கத்துல பாரம் முன்னால சாயும், பின் டயர் மொதல்ல லொக் ஆனா ஈர ரோட்டுல கார் சுத்திரும். சரியா வச்சதும் நட்ட லொக் பண்ணிடுங்க, இங்கிலாந்துல கிட் காருக்கு ரோட்டுல விடுறதுக்கு முன்னால செய்யிற ஐவிஏ டெஸ்ட்ல பார் லொக் பண்ணாம பாஸே குடுக்க மாட்டாங்க. ஒரு லைன் லீக் ஆனாலும் பார் சாஞ்சு மத்த சிலிண்டர தள்ளுதான்னு ஒயில் ஊத்துறதுக்கு முன்னாலயே கையால பாருங்க.

இந்த காட்போட் மட்டைய பாருங்க, மூனு பெடல் மாதிரி வெட்டி ஒட்டி, சப்பாத்து போட்டு உக்காந்து மிதிச்சு பாத்தேன், கிளச்சுக்கும் பிரேக்குக்கும் நடுவுல கால் சிக்குது, 15 மில்லிமீட்டர் தள்ளணும். அத தள்ளிட்டுதான் 5/8 ரெண்டு ஓடர் பண்ணுவேன், வந்ததும் இதே தராச மாட்டி உங்களுக்கு காட்டுறேன்.