1,200 ரூபாய் கொடுத்தும் டேக் ஒன்றுகூட வரவில்லை! இனிமேல் ஃபைல் பெயரிலேயே

வணக்கம் மக்களே! இன்றைக்குக் கொஞ்சம் கோபமாக இருக்கிறேன், நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். பழைய லேப்டாப்பின் கீல் உடைந்து புதுசு வாங்கினது உங்களுக்குத் தெரியும். பழையதில் இருப்பதையெல்லாம் புதுசுக்கு மாற்றித் தரச் சொல்லி ஒரு கடையில் கொடுத்தேன். 1,200 ரூபாய். முதலில் 1,500 சொன்னார், பேசிப் பேசி 1,200. வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் ஃபைல் எல்லாம் பத்திரமாக இருக்கிறது, டேக், அதாவது பிறகு தேடி எடுக்க ஒவ்வொரு ஃபைலுக்கும் நான் கொடுத்த அடையாளச் சொல், ஒன்றுகூட இல்லை! அப்பாவின் இரும்புப் பெட்டிப் பேப்பர்களை ஸ்கேன் பண்ணின வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொன்றையும் திறந்து படித்துப் பார்த்து, பட்டாவா, ஈபியா, வரியா என்று டேக் போட்டு வைத்திருந்தேன். கடைக்காரரிடம் கேட்டால், "ஃபைல் எல்லாம் வந்திருக்கே மேடம், எண்ணிப் பாருங்க" என்கிறார். எண்ணிக்கை சரிதான், நான் கேட்டது அது இல்லையே! அந்த 1,200 ரூபாய் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எங்கே போனது என்று சொல்கிறேன், இதைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் டேக் போட ஆரம்பிக்காதீர்கள். நான் லினக்ஸில் கேடிஇ என்கிற டெஸ்க்டாப் வைத்திருக்கிறேன், அதில் டால்ஃபின் என்கிற ஃபைல் மேனேஜரில் டேக் போட்டால், அது ஃபைலுக்கு உள்ளேயும் போகாது, பெயரிலும் போகாது. யூசர் டாட் எக்ஸ்டிஜி டாட் டேக்ஸ் என்ற பெயரில், வட்டின் ஃபைல் சிஸ்டம், அதாவது வட்டில் ஃபைல்களை வைக்கும் முறை, அந்த ஃபைலோடு ஒரு துண்டுச்சீட்டு மாதிரி வைத்துக்கொள்ளும். கடையில் எக்ஸ்ஃபாட் என்கிற ஃபைல் சிஸ்டம் போட்ட டிஸ்க் வழியாக மாற்றியிருக்கிறார்கள், எக்ஸ்ஃபாட்டில் அந்தச் சீட்டை வைக்க இடமே கிடையாது. எந்தத் தகவலும் காட்டாமல் ஃபைலை மட்டும் எடுத்துப் போய்விடும். எரர் வந்திருந்தாலாவது அன்றைக்கே பிடித்திருக்கலாம்!

மேக்கிலும் 2013-ல் வந்த மேவரிக்ஸ் பதிப்பு முதல் டேக் இருக்கிறது, கலர் கலராகப் பார்க்க அழகு, ஆனால் அதுவும் இதே மாதிரி வெளியே ஒட்டிக்கொண்டிருப்பதுதான். மெயிலில் அனுப்பினால் கூட வராது. விண்டோஸில் ஜேபெக், வேர்டு ஃபைல்களுக்கு டேக் ஃபைலுக்கு உள்ளேயே எழுதப்படுகிறது, அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் பிடிஎஃப்பின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால் டேக் எழுதக் கட்டமே இல்லை. ஸ்கேன் பண்ணினதெல்லாம் பிடிஎஃப், அப்புறம் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

"ஃபோல்டர் போட்டால் போதாதா அக்கா" என்று போன தடவையும் கேட்டிருந்தீர்கள். போதாது. 2021-22 முதல் அரையாண்டு வீட்டுவரி ரசீது, அது வீடு ஃபோல்டரிலா, வரி ஃபோல்டரிலா, அப்பா பெயரிலா? ஒரு ஃபைலை ஒரு இடத்தில்தான் வைக்க முடியும், தேடும்போது எந்த யோசனையில் தேடுவோம் என்று இன்றைக்கே யாருக்குத் தெரியும்? இரண்டு ஃபோல்டரில் காப்பி போட்டு வைப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது, எது கடைசியாகத் திருத்தினது என்று பிறகு தெரியாது.

அதனால் இனிமேல் எனக்கு ஒரே வழி, டேக் ஃபைலின் பெயரிலேயே இருக்க வேண்டும். ஆஸ்திரியாவைச் சேர்ந்த கார்ல் ஃபோயிட் என்பவர் ஃபைல்டேக்ஸ் என்று ஒரு பைத்தான் நிரல் எழுதியிருக்கிறார், நான் எடுத்துக்கொண்டது அவருடைய முறை. முதலில் தேதி, அப்புறம் என்ன என்பது, அப்புறம் இரண்டு சின்னக் கோடு, அதற்குப் பிறகு டேக். இப்படி:

2021-06-14 வீட்டுவரி ரசீது -- அப்பா வரி வீடு

அவ்வளவுதான்! பென் டிரைவில் போடுங்கள், மெயிலில் அனுப்புங்கள், போனுக்கு மாற்றுங்கள், பெயர் கூடவே வரும். விண்டோஸ்காரர்கள் எவ்ரிதிங் என்கிற இலவசத் தேடுகருவியில் "வரி வீடு" என்று தட்டினால் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து நிற்கும். டேக்ஸ்பேசஸ் என்கிற டேக் போடும் செயலியும் பெயரில்தான் எழுதும், ஆனால் சதுர அடைப்புக்குறிக்குள். நிறைய பேருக்கு அதுவே வசதியாக இருக்கலாம், எனக்கு அந்தக் கோடுதான் பிடித்திருக்கிறது.

ஆ, ஒன்று சொல்ல விட்டுப்போனது, பழைய டேக்கை எப்படி மீட்டேன் என்று. பழைய டிஸ்க்கைக் கடையிலிருந்து கையோடு வாங்கி வந்துவிட்டேன், அதை அழிக்க விடவில்லை. கெட்எஃப்அட்டர் என்கிற கட்டளை ஒவ்வொரு ஃபைலின் சீட்டையும் படித்துச் சொல்லும், அதை ஒரு சின்ன ஸ்கிரிப்டில் வைத்து, படித்த டேக்கைப் பெயரில் சேர்க்கச் சொன்னேன். ஓடி முடிந்ததும் மூலப்பத்திரத்தைத் தேடினேன், வந்தது! அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இனிமேல் லேப்டாப்பிலிருந்து ஈஎக்ஸ்டி4 என்கிற லினக்ஸ் ஃபைல் சிஸ்டம் போட்ட டிஸ்க்குக்குப் போகும்போதும் "சிபி மைனஸ் ஏ" என்கிற காப்பிக் கட்டளை போடுங்கள், வெறும் சிபி சீட்டை விட்டுவிடும்.

தமிழில் டேக் போடுபவர்கள் இதைக் கவனியுங்கள். "வில்லங்கம்" கண்ணுக்கு ஆறு எழுத்து. கணினிக்குள் வ, இகரக் குறி, ல, புள்ளி என்று பிரிந்து பத்துத் துண்டு, எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு துண்டுக்கு 3 பைட், ஆக 30 பைட். ஈஎக்ஸ்டி4-ல் ஒரு ஃபைல் பெயர் மொத்தமாக 255 பைட்தான். அதனால் டேக் குட்டியாக இருக்கட்டும், "வீடு" 12 பைட், "ஈபி" 9 பைட். விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸில் கணக்கு வேறு, அங்கே தமிழுக்கு இவ்வளவு நெருக்கடி இல்லை.

அடுத்தது, என்னை ராத்திரி தூங்கவிடாத ஒன்று. தம்பியின் பழைய ஹார்டு டிஸ்க்கிலிருந்து படங்களைக் கொண்டு வந்தேன், "கோயில்" என்று தேடினால் பாதிப் படம்தான் வருகிறது. மீதிப் படங்களிலும் கோயில் என்றுதான் எழுதியிருக்கிறது, கண்ணால் பார்த்தால் ஒரு வித்தியாசமும் இல்லை! கடைசியில் கண்டுபிடித்தேன். "கோ" என்பதைக் ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம், ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். யூனிகோடின்படி இரண்டும் சமம், ஆனால் பைட்டை மட்டும் ஒப்பிடும் தேடலுக்கு இரண்டும் வேறு சொல். மேக்கின் ஃபைல் சிஸ்டமான எச்எஃப்எஸ் பிளஸ் போட்ட வட்டு பெயரை எழுதும்போதே இரண்டாவது மாதிரி பிரித்துத்தான் வைக்கும், தம்பியின் டிஸ்க் அது. மெய்யோடு சேர்ந்து ஒகரம், ஓகாரம், ஔகாரம் வருகிற எல்லாச் சொல்லுக்கும் இந்தத் தொல்லை உண்டு, போட்டோ, ஊர்கோலம், தோட்டம் எல்லாமே.

இதற்கு கன்வ்எம்வி என்று ஒரு நிரல் இருக்கிறது, என்எஃப்சி, அதாவது சேர்த்து எழுதும் வடிவம், என்று சொல்லி ஓடவிட்டால் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டு வந்துவிடும். அதில் எனக்குப் பிடித்தது, சும்மா ஓடவிட்டால் எதையும் மாற்றாது, என்ன மாற்றப்போகிறது என்று காட்டும், நாம் நோடெஸ்ட் போட்ட பிறகுதான் கை வைக்கும். எல்லா நிரலும் இப்படி இருக்கக் கூடாதா!

டேக் பட்டியலையும் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணம் என்றால் எல்லாவற்றுக்கும் கல்யாணம், இடையில் திருமணம், விவாகம் எல்லாம் வேண்டாம். என் பட்டியலை ஒரு தாளில் எழுதி மேஜைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன், இதோ தெரிகிறதா, கொஞ்சம் வெளிச்சம் குறைவு.

தேதி தெரியாத பழைய போட்டோவுக்கு என்ன போடுவது என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். வருஷம் தெரிந்தால் வருஷம் மட்டும், 1987 என்று போட்டு நிறுத்திவிடுங்கள், மாதத்தை ஊகித்து எழுதாதீர்கள். பெரியம்மாவிடம் கேட்டு மாதம் தெரிந்த பிறகு சேர்த்துக்கொள்ளலாம். கட்டளைகள் எல்லாம் கீழே டிஸ்கிரிப்ஷனில் இருக்கிறது, முதலில் ஒரு காப்பி எடுத்து வைத்துவிட்டு அதில் ஓடவிட்டுப் பாருங்கள்.