பழைய பினாங்கு என்றால் எந்த வருடம்?

[திரையில்: ஒரு பேரங்காடியின் நடுக்கூடம் போன்ற வரைபடம். 'அந்தக் காலத்துப் பினாங்கு' என்ற பதாகை.]

வணக்கம் மக்களே. இப்படி ஓர் அரங்கை நீங்களும் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். பலகையில் செய்த கடை முகப்பு, முன்னால் மிதித்து ஓட்டும் ஒரு பெச்சா வண்டி, அதில் வேட்டி கட்டிய ஒருவர், பின்சுவரில் கெக் லோக் சி புத்தர் கோயிலின் பகோடா கோபுரம், ஓரத்தில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு, அதற்குள் எல்இடி பல்பு. அழகாகத்தான் இருக்கும். பிள்ளைகளை நிற்க வைத்துப் படம் எடுப்போம், கிளம்பிவிடுவோம். ஆனால் இது எந்த வருடத்துப் பினாங்கு என்று அங்கே இருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். "பழைய காலம்ங்க" என்பார். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது, ஏனென்றால் பழைய காலம் என்று ஒரு வருடம் கிடையாது. அந்தப் பகோடா கட்டி முடிந்தது 1930இல். மூன்று சக்கரப் பெச்சா இந்த ஊருக்கு வந்தது அதற்கும் பிறகு, இரண்டாம் உலகப் போரை ஒட்டி. அதற்கு முன்னால் இங்கே ஓடியது மனிதன் கையால் இழுத்த ரிக்‌ஷா. ஆக, விளக்கு ஒரு தலைமுறை, பகோடா ஒரு தலைமுறை, வண்டி வேறொரு தலைமுறை, மூன்றும் ஒரே அரங்கில்.

ஒரு வரலாற்றுத் தீம் பார்க்கை அதன் காலத்துக்கு உண்மையாக வைத்திருப்பது எப்படி என்பதுதான் இன்றைய விஷயம். இதை ஒழுங்காகச் செய்பவர்கள் பெரும்பாலும் முதலில் கட்டடத்தில் கை வைப்பதில்லை, காலண்டரில் வைக்கிறார்கள்.

[திரையில்: உலக வரைபடம்.]

அமெரிக்காவில், மாசசூசெட்ஸில், பிளிமத் என்ற இடத்தில் ஒரு குடியேற்றக் கிராமத்தைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த வருடம் 1627. பல ஆண்டுகளாக அங்கே வேடம் கட்டி நின்றவர்களிடம் அமெரிக்க ஜனாதிபதியைப் பற்றிக் கேட்டால், அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்று முழிப்பார்கள். நடிப்புதான், ஆனால் கட்டுப்பாடான நடிப்பு. பிரான்சில் கெடலோன் என்ற இடத்தில் 1997இலிருந்து ஒரு கோட்டையைப் 13ஆம் நூற்றாண்டு முறையிலேயே கட்டிக்கொண்டிருக்கிறார்கள், உளி, மரத்தாலான மிதிசக்கரப் பாரந்தூக்கி, குதிரை வண்டி என்று. அங்கே கதையின்படி வேலை தொடங்கிய வருடம் 1228. ஆஸ்திரேலியாவின் சவரன் ஹில் 1850களின் தங்க வேட்டைக் காலத்தைவிட்டு நகர்வதில்லை.

சரி, நம் ஊருக்கு வருவோம். ஜார்ஜ்டவுனை வைத்து இப்படி ஒரு பூங்கா கட்டப் போகிறோம், வருடத்தை நாம்தான் முடிவு செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் 1910 என்பேன். ரப்பர் விலை எகிறிய வருடம். சுன் யாட் சென் இங்கே ஆர்மேனியன் தெருவில் உட்கார்ந்து சீனப் புரட்சிக்குத் திட்டம் போட்ட வருடம். மே மாதம் வானத்தில் ஹாலி வால்நட்சத்திரம் தெரிந்தது, இரவுக் காட்சி வைக்க இதைவிட என்ன வேண்டும்? அதே மே மாதம் 6ஆம் தேதி ஏழாம் எட்வர்ட் மன்னர் இறந்துபோனார். அதனால் அரசாங்க அலுவலகச் சுவரில் யார் படத்தை மாட்டுவது என்பதற்குக்கூட, அது மே மாதத்துக்கு முன்னாலா பின்னாலா என்று தெரிந்தாக வேண்டும். இப்படி ஒரு கேள்வி வருகிறது என்றாலே வருடத்தைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறோம் என்று அர்த்தம்.

வருடத்தைப் பிடித்ததும் பாதி முடிவுகள் தானாக விழும். மின்சார டிராம் உண்டு, அது 1906இல் ஓடத் தொடங்கிவிட்டது. கொடிமலை ரயில் கிடையாது, அது 1923. மணிக்கூண்டு உண்டு, விக்டோரியா ராணியின் 60 ஆண்டு ஆட்சியை முன்னிட்டு 60 அடி உயரத்தில் எழுப்பி 1902இல் முடித்தது. தண்ணீர்மலை உச்சியில் இப்போது நாம் படியேறிப் போகும் பெரிய கோயில் கிடையாது, அது 2012. மைலோ கிடையாது. நைலான், பாலியெஸ்டர் எதுவும் கிடையாது, எனவே வாடகை உடைக்கடையில் கிடைக்கும் மினுமினுப்பான பட்டு வேட்டியை மூட்டை கட்டித் திருப்பி அனுப்பிவிடுங்கள். காலைப் பாருங்கள், எல்லோரும் அங்கேதான் கோட்டை விடுவார்கள். ஊரே ரப்பர் ரப்பர் என்று அலைந்த வருடம், ஆனால் ரப்பர் சிலிப்பர் போட்ட ஒரு கால்கூடத் தெருவில் இருக்கக் கூடாது. கூலி வேலை செய்தவர்களில் பெரும்பாலோருக்கு வெறுங்கால்தான். கதவுக் கீல்களில் நட்சத்திரத் தலை திருகாணி இருந்தால் கழற்றி, ஒற்றைக் கோடு போட்டதை மாட்டுங்கள். நட்சத்திரத் தலை 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது. இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்கிறீர்களா? பார்க்கிறவர் ஆயிரத்தில் ஒருவர்தான். ஆனால் அந்த ஒருவர்தான் வீட்டுக்குப் போய் மற்ற எல்லோருக்கும் சொல்வார்.

எனக்கு மிகவும் பிடித்தது கடிகாரம். 1910இல் இங்கே நேரம் கிரீன்விச்சுக்கு 7 மணி நேரம் முன்னால் இருந்தது. 1933இல் 20 நிமிடம் கூட்டினார்கள், 1941இல் இன்னும் 10 நிமிடம், போருக்கு நடுவில் ஜப்பான்காரன் டோக்கியோ நேரத்தையே கொண்டுவந்தான். இப்போதைய 8 மணி நேரக் கணக்கு 1982 ஜனவரி 1 முதல்தான். அதாவது நம் பூங்காவின் மணிக்கூண்டு உங்கள் கைப்பேசியைவிடச் சரியாக ஒரு மணி நேரம் பின்னால் ஓட வேண்டும். சுற்றுலாப் பேருந்தைத் தவறவிட்டு யாராவது கவுண்டரில் வந்து சத்தம் போடுவார்கள், நிர்வாகம் மறுநாளே முள்ளைத் திருப்பச் சொல்லும். திருப்பக் கூடாது என்பது என் கட்சி.

[திரையில்: ஒரு கடைப் பலகை, மிக அருகில்.]

அடுத்தது பெயர்ப்பலகை. தமிழ் பார்வையாளர்கள் நாம்தான் இதைக் கவனிக்க வேண்டும், வேறு யாரும் நமக்காகக் கவனிக்கப் போவதில்லை. 'அண்ணாமலை பலசரக்குக் கடை' என்று ஒரு பலகை செய்கிறீர்கள். கணினியில் அடித்து, கொஞ்சம் பழுப்பு நிறம் பூசி, ஓரத்தைக் கீறிவிட்டால் பழசாகிவிடுமா? ஆகாது. நாம் இன்று எழுதும் ணா, லை இரண்டும் 1978இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்தில் நிலைபெற்றவை. அதற்கு முன்னால் லை என்பதில் ல எழுத்தின் தலைமேல் யானைத் துதிக்கை போல ஒரு சுழி எழும்பி நிற்கும். ணா என்பதில் பக்கத்தில் தனியாகக் கால் நிற்காது, எழுத்தின் வாலே வளைந்து சுழித்து முடியும். ணை, ளை, னை, றா, னா, இவற்றின் ஒகர ஓகார வரிசை எல்லாம் சேர்த்து மொத்தம் 13 எழுத்துகள். உங்கள் தாத்தா வீட்டுப் பெட்டியில் பழைய கல்யாணப் பத்திரிகை இருந்தால் எடுத்துப் பாருங்கள், தெரியும். பழைய வடிவம் வேண்டுமென்றால் அதைப் பார்த்துக் கையால் எழுதத் தெரிந்த பெயிண்டரைத் தேட வேண்டும். அப்புறம், அதே பலகையில் மலாய் வரி இருந்தால் அது ஜாவி எழுத்தில் இருப்பதுதான் அந்தக் காலத்துக்குப் பொருத்தம், ரோமன் எழுத்தில் 'லெபோ' என்று தெருப்பெயர் போட்டால் கதை முடிந்தது.

சுவரைப் பற்றிச் சுருக்கமாக. ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே வாங்கும், வெளியே விடும். அதன்மேல் சிமெண்டு பூசி எமல்ஷன் அடித்தால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு, உப்போடு சேர்ந்து பெயிண்டைக் கொப்புளம் கொப்புளமாகத் தள்ளும், நம் ஊர் மழைக்குக் கேட்கவே வேண்டாம். லீத் தெருவில் சியோங் ஃபாட் ட்ஸே மாளிகையின் நீலம் தெரியுமே, அது சுண்ணாம்பில் அவுரி கலந்து பூசியது. கிட்டே போய்ப் பாருங்கள், ஒரே நீலமாக இருக்காது, இடத்துக்கு இடம் வெளிறியும் அடர்ந்தும் இருக்கும். அந்தச் சீரற்ற நிறத்தை எந்த டின் பெயிண்டாலும் கொண்டுவர முடியாது.

[திரையில்: பச்சை நிற 'கெலுவார்' விளக்கு.]

இப்போது சட்டம். 1910இல் ஏர்கோன் இல்லை என்பதற்காக இந்த வெயிலில் மக்களை வேகவைக்க முடியாது. ஏர்கோனின் வெளிப்பெட்டியை மரச் சட்டக் கதவுக்குப் பின்னால் மறைக்கலாம், அதன் உறுமலை மறைப்பதுதான் கஷ்டம், அதனால் அதைக் கூட்டம் நிற்காத பின்சந்தில் வையுங்கள். குப்பைத்தொட்டி, கேமரா, சக்கர நாற்காலிச் சரிவு எல்லாவற்றுக்கும் ஏதாவது வழி இருக்கிறது. ஆனால் அவசர வழியைக் காட்டும் அந்தப் பச்சை விளக்கை மறைக்க தீயணைப்புத் துறையான பொம்பா விடாது, விடவும் கூடாது. கெடலோனிலும் கல் கொத்துபவர் காலில் பாதுகாப்புச் சப்பாத்து இருக்கிறது, கண்ணாடியும் போட்டிருக்கிறார், 13ஆம் நூற்றாண்டாவது ஒன்றாவது. பார்க்கிறவர்களுக்கு அது உறுத்துவதில்லை. மறைக்க முடியாததை அரைகுறையாக மறைத்தால்தான் உறுத்தும், வைக்கோலைச் சுற்றிய தீயணைப்பானைப் போல.

வேலை செய்பவர்கள் எப்படி வந்து போகிறார்கள் என்பதும் முக்கியம். ஃபுளோரிடாவின் மேஜிக் கிங்டம் 1971இல் திறந்தபோதே பூங்காவுக்கு அடியில் ஊழியர்களுக்கென்று நடைவழிகள் இருந்தன. கௌபாய் வேடம் போட்டவர் எதிர்காலப் பகுதி வழியாக நடந்து போகக் கூடாது என்பதுதான் காரணம். சுற்றியிருக்கும் நகரம் உள்ளே தெரியாமலிருக்க 1955இலேயே கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்டைச் சுற்றி மண்மேடு எழுப்பினார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. ஜார்ஜ்டவுனில் எங்கே நின்றாலும் கொம்தார் என்ற வானளாவிய கட்டடம் எட்டிப் பார்க்கும். அதற்கு எந்த மண்மேடு போடுவது? தீவின் தெற்குப் பக்கம் போய் இடம் பார்க்க வேண்டியதுதான்.

இங்கே ஒரு குறுக்குக் கேள்வி வரும். அப்படியானால் ஜார்ஜ்டவுனில் நிஜமாகவே நிற்கும் பழைய கோர்ன்வாலிஸ் கோட்டையையும் ஒரே வருடத்துக்குத் திருப்ப வேண்டுமா? வேண்டாம். 1786இல் பினாங்கில் ஆங்கிலேயக் குடியேற்றத்தைத் தொடங்கிய பிரான்சிஸ் லைட் அங்கே நட்டது நிபோங் என்ற பனை மர வேலி. செங்கல் சுவர் அதற்குப் பிறகு, கைதிகளின் உழைப்பில் எழும்பியது. இரும்புக் கலங்கரை விளக்கம் 1882. லைட்டின் சிலை 1936, அதுவும் அவருடைய உருவப்படம் எதுவும் கிடைக்காமல் மகன் வில்லியமின் முகச்சாயலில் செய்ததாகச் சொல்கிறார்கள். ஸ்ரீ ரம்பாய் பீரங்கியோ 1603இல் டச்சுக்காரர்கள் வார்த்தது. இவ்வளவும் ஒரே இடத்தில் கிடப்பது அந்தக் கோட்டையின் உண்மையான வாழ்க்கை. உண்மையான இடம் எத்தனை காலத்தை வேண்டுமானாலும் சுமக்கலாம். நாம் புதிதாகக் கட்டுகிற இடத்துக்கு அந்த உரிமை இல்லை.

கடைசியாக மனிதர்கள், எனக்கு மிக முக்கியமான பகுதி இதுதான். திருகாணி வரைக்கும் சரிபார்த்துவிட்டு மனிதர்களில் பொய் சொல்லும் பூங்காக்கள் உண்டு. வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1920களில் ராக்ஃபெல்லர் பணத்தில் 18ஆம் நூற்றாண்டு நகரத்தை ஓடு ஓடாக மீட்டார்கள். அந்த நூற்றாண்டில் அந்த ஊரில் வாழ்ந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் கறுப்பர்கள், பெரும்பாலும் அடிமைகள். ஆனால் பல பத்தாண்டுகள் பார்வையாளர் பார்த்தது கவர்னர் மாளிகையையும் விக் வைத்த கனவான்களையும்தான். 1979இல்தான் அடிமைகளின் வாழ்க்கையை வேடமிட்டுச் சொல்ல ஆரம்பித்தார்கள். 1994இல் ஓர் அடிமை ஏலத்தை நடித்துக் காட்டியபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது. இருந்தும் நடத்தினார்கள்.

நம் 1910க்கு வாருங்கள். தமிழர்களை எங்கே வைப்பீர்கள்? பூக்கட்டும் அக்கா ஒருவர், தோசை சுடும் அண்ணன் ஒருவர், முடிந்ததா? செட்டியார் வட்டித் தொழில் நடத்தும் கிட்டங்கியை வையுங்கள், நாற்காலி மேசை போடாமல், தரையில் பாய், முன்னால் பெட்டியடி என்ற மரப்பெட்டி, கணக்குப் புத்தகத்தில் தமிழ் எண்கள். தமிழ் முஸ்லிம் வணிகர்களின் கடைகளை வையுங்கள். துறைமுகத்தில் தொங்கான் என்ற சரக்குப் படகிலிருந்து மூட்டை இறக்குபவர்களை வையுங்கள். பிறகு யாரும் வைக்க விரும்பாததையும் வையுங்கள். அந்த வருடம் ஜனவரியில் அபின் வியாபாரத்தை, பினாங்கை ஆண்ட பிரிட்டிஷ் நீரிணைக் குடியேற்ற அரசாங்கமே நேரடியாக எடுத்துக்கொண்டது, அரசாங்க வருமானத்தில் ஏறக்குறையப் பாதி அதிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் ஆள் ஏற்றிவந்த ஒப்பந்தக் கூலி முறை நிறுத்தப்பட்டதும் 1910இல்தான், அதற்குப் பிறகும், தோட்டத்து மேஸ்திரியே ஊருக்குப் போய் ஆள் சேர்த்துவரும் கங்காணி முறை 1938 வரை ஓடியது. அதாவது நம் பூங்காவின் தெருவில் நடக்கும் தமிழர்களில் சிலர், ஒப்பந்தம் முடியாமல் தோட்டத்தை விட்டுப் போக முடியாதவர்கள்.

இதை வேடம் போட்டு நடிப்பதா என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. ரிக்‌ஷா இழுக்கிறவராக ஒருவரை நிறுத்தி, டிக்கெட் வாங்கியவர் அதில் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டால், அது வரலாறா, பழைய அவமானத்தின் மறுபதிப்பா? நான் அதை நடத்த மாட்டேன். அதனால் ஒரு விதிவிலக்கு வைப்பேன். பூங்காவில் மற்ற எல்லோரும் 1910 டிசம்பர் 31க்குப் பிறகு நடந்தது எதையும் அறியாதவர்களாக இருக்கட்டும். துறைமுகக் கொட்டகையில் நிற்கும் ஒருவர் மட்டும் இன்றைய உடையில், இன்றைய தமிழில், கப்பலில் வந்தவர்களுக்கு என்ன சம்பளம் சொல்லப்பட்டது, எவ்வளவு கையில் கிடைத்தது, கடன் எப்படி ஏறியது என்று கேட்கிறவர்களுக்கு நேராகச் சொல்லட்டும். டிக்கெட் விற்பவர்கள் அந்தக் கொட்டகையை வரைபடத்தில் கடைசி மூலைக்குத் தள்ளப் பார்ப்பார்கள். நுழைவாசலுக்கு அடுத்ததாக வைக்கச் சொல்லி நான் சண்டை போடுவேன்.

1978க்கு முந்தைய எழுத்தில் கடைப் பலகைகளின் படம் உங்கள் வீட்டில் இருந்தால் கீழே போடுங்கள், அடுத்த வீடியோ அந்தப் பலகைகளைப் பற்றித்தான்.