மஞ்சள் முகமும் ஓட்டு வீடும்

நடுவர் அவர்களே, பிரியாணி வாசனை வந்த பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் நியூஜெர்சி தமிழ்ப் பெருமக்களே, வணக்கம். சிம்ப்சன்ஸ் என்று ஒரு அமெரிக்கக் கார்ட்டூன் தொடர், அதில் ஒரு மஞ்சள் முகக் குடும்பம். அக்டோபர் கடைசியில் இங்கே கொண்டாடும் பேய்த் திருநாளான ஹாலோவீனுக்கு அவர்கள் போடும் அத்தியாயம் பார்ப்பவரைப் பிடித்து ஆட்டுவது சிரிப்பா, பயமா? பயமே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தம்பி ஒரு குத்து விட்டுப் போனார். "மஞ்சள் மூஞ்சியைப் பார்த்துப் பயப்படுகிறவருக்குப் பட்டிமன்றம் எதற்கு, கீழாநெல்லி கொடுங்கள்" என்றார். அதற்குக் கைதட்டல் வேறு!

தம்பி, உங்களுக்குக் காமாலையாகத் தெரிந்த முகம் என் அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது, கேளுங்கள். போன வருஷம் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஆறு மாதம் தங்க வந்திருந்தார். அக்டோபர் கடைசி. 1990 அக்டோபர் 25-ல் ஃபாக்ஸ் டிவியில் வந்த அந்த முதல் ஹாலோவீன் அத்தியாயத்தைப் பேரன் போட்டான். எடுத்த எடுப்பில் அந்தக் குடும்பத்துத் தலைவி மார்ஜ் மேடைக்கு வந்து, பயந்த பிள்ளைகளைச் சீக்கிரம் தூங்கவையுங்கள், நாளைக்கு எங்களுக்குக் கோபமாகக் கடிதம் எழுதாதீர்கள் என்று எச்சரிக்கிறார். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. முகத்தை மட்டும் பார்த்தார். "மகராசி, மஞ்சப் பூசிக் குளிச்சுட்டு வந்து நிக்கிறா. தலையத்தான் ஒழுங்கா முடியல" என்றார்.

கல்யாணப் பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி வருகிறதே தம்பி, அதற்கும் கீழாநெல்லி கொடுப்பீர்களா?

அப்புறம் பிள்ளைகள் மரவீட்டில் உட்கார்ந்து சொல்லும் பேய்க்கதை. அதில் மார்ஜின் கணவர் ஹோமர் மலிவாக ஒரு வீடு வாங்கிக் குடும்பத்தோடு குடிபோகிறார். சுவரில் ரத்தம் வழிகிறது. பேரன் அரைகுறைத் தமிழில் சொல்லச் சொல்ல, அம்மா கேட்டார்: "பத்திரத்தப் பாத்தானா?" வீட்டுக்கு அடியில் இடுகாடு. "வில்லங்கம் போட்டுப் பாத்தானா?" ஹோமர் புரோக்கருக்குப் போன் போட்டுக் கத்துகிறார். நான்தான் அஞ்சாறு தடவை சொன்னேனே என்கிறான் புரோக்கர். அம்மா தலையாட்டினார். "எல்லா ஊர்லயும் அவன் அப்படித்தான் சொல்வான்."

கடைசியில் மார்ஜுக்குப் பொறுமை போய், வீட்டையே பிடித்துத் திட்டுகிறார். இனிமேல் நாங்கள் இங்கேதான் இருப்போம், நீ அனுசரித்துப் போ என்கிறார். வீடு, கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்கிறது. யோசிக்கிறது. இவர்களோடு குடும்பம் நடத்துவதைவிட அழிந்து போவதே மேல் என்று தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது!

பின்வரிசைக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது, திரும்பச் சொல்கிறேன். அது பேய் வீடு. பேயைப் பார்த்துக் குடும்பம் ஓடவில்லை. குடும்பத்தைப் பார்த்துப் பேய் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது! அந்த இடத்தில் என் மனைவி என் பக்கம் திரும்பி, "அது ஒரு நாள்கூடத் தாங்கல, நான் பதினேழு வருஷமா இருக்கேன்" என்றார். அவரும் இதோ முதல் வரிசையில்தான் இருக்கிறார், கேட்டுக்கொள்ளுங்கள்.

சிரித்துவிட்டீர்கள். எதிரணி துள்ளுகிறது, பார்த்தீர்களா சிரிப்புத்தான் என்று. பொறுங்கள். அத்தியாயம் எப்படி முடிகிறது? மரவீட்டில் பேய்க்கதை சொன்ன பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். ஒளிந்து நின்று ஒட்டுக்கேட்ட அப்பன் ஹோமர்தான் கட்டிலில் முழித்துக் கிடக்கிறான்.

எங்கள் வீட்டிலும் அதே கதை. மகன் குறட்டை. ராத்திரி ஒரு மணிக்கு அம்மா அறையில் விளக்கு எரிந்தது. "என்னம்மா, பயமா இருக்கா?" என்றேன்.

"பேய்க்கு என்னப்பா பயம். அந்த வீடு ஆளு வந்துருச்சேன்னு அழிஞ்சு போச்சு. நம்ம வீடு ஆளில்லாமப் பூட்டிக் கெடக்கு. ஐப்பசி மழை. மேக்கால ஓடு தாங்குமா?"

எனக்குப் பதில் வரவில்லை. அப்பா கட்டிய வீடு. நான் பிறந்த வீடு. அதற்கு வாயிருந்தால் என்னைப் பற்றி என்ன சொல்லும் என்று அன்று விடியும்வரை நானும் முழித்துக் கிடந்தேன்.

அம்மா ஊருக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பேரன் கேட்டான்: "பாட்டி, உங்க வீடு இன்னும் யோசிக்குதா?" அம்மா சிரித்துக்கொண்டே போனைத் திருப்பி வாசலைக் காட்டினார். விழுந்த நாலு ஓடுகளை மாற்றியாகிவிட்டது. வாசல் நிலையைக் கழுவிவிட்டிருந்தார்.

தம்பி, அந்த நிலையிலும் மஞ்சள்தான் பூசியிருந்தது.

நன்றி, வணக்கம்.