முக்குளிப்பான் குஞ்சின் முதல் வாரங்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஏரிக்கரையில் நின்றால் கண் முதலில் நாரை, கூழைக்கடா என்று பெரிய பறவைகள் மேல்தான் போகும். நான் பேச வந்திருப்பதோ முக்குளிப்பான் என்ற, தண்ணீரில் முங்கி இரை பிடிக்கும் சின்னப் பறவையின் குஞ்சுகளைப் பற்றி. ஒரு குஞ்சு பிழைக்கப் பழகுவதைக் கண்கூடாகப் பார்க்க இதைவிட நல்ல பறவை இல்லை என்பது என் எண்ணம்.

நீர்ச்செடிகளைக் குவித்த மிதக்கும் கூடு. மூன்று வாரம் அடைகாத்ததும் குஞ்சு பொரிகிறது. பொரித்த உடனேயே நீந்தத் தெரியும். ஆனாலும் முதல் சில நாட்கள் பெரும்பாலும் தாயின் முதுகிலோ தந்தையின் முதுகிலோதான் இருக்கும். சிறகுகளுக்கு நடுவே கோடு போட்ட சின்னத் தலை மட்டும் எட்டிப் பார்க்கும். இது வெறும் செல்லம் இல்லை. அந்த வயதில் குஞ்சின் உடம்பில் சூடு தங்காது. தண்ணீரிலேயே கிடந்தால் விறைத்துப்போகும். பருந்து நிழல் விழுந்தால், முதுகில் குஞ்சு இருக்கும்போதே பெற்றோர் முங்கிவிடுவதும் உண்டு.

அப்புறம் சாப்பாடு. முதலில் சின்னச் சின்னப் பூச்சிகள்; கொஞ்சம் வளர்ந்ததும் மீன். இங்கேதான் நான் நேரம் போவது தெரியாமல் நின்றுவிடுவேன். மீனைத் தலைப்பக்கமாக விழுங்க வேண்டும், இல்லாவிட்டால் துடுப்பு முள் தொண்டையில் குத்தும். குஞ்சுக்கு அது தெரியாது. வால் பக்கம் பிடித்துத் திணறும், நழுவவிடும். பெற்றோர் முங்கி அதே மீனை எடுத்து வந்து மறுபடி நீட்டும். அலகிலேயே மீனைத் திருப்பிப் பிடிக்கும் வித்தை மெல்ல மெல்லத்தான் கைகூடும்.

முங்குவதும் அப்படித்தான். பஞ்சுபோன்ற தூவிக்குள் காற்று அடைந்திருப்பதால், முங்கிய குஞ்சு தக்கை மாதிரி உடனே மேலே வந்துவிடும். நல்ல இறகு முளைக்க முளைக்க, உள்ளே இருக்கும் நேரமும் கூடும். ஆறேழு வாரத்தில் தன் மீனைத் தானே பிடிக்கும். அதற்குள் பெற்றோரே கொத்தி விரட்டத் தொடங்கியிருக்கும். பார்க்க மனசு கஷ்டப்படும்தான். ஆனால் அடுத்த ஈட்டுக்கு, அதாவது அடுத்த முறை பொரிக்கும் குஞ்சுகளுக்கு, இடம் வேண்டுமே!

இன்னொரு நீர்ப்பறவையான தாழைக்கோழியிடம் வேறு வழக்கம். முதல் ஈட்டுக் குஞ்சுகள் சில சமயம் கூடவே இருந்து தம்பி தங்கைகளுக்கு இரை ஊட்டும்.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று. பைனாகுலர் இருந்தால் கரையிலிருந்தே போதும். முக்குளிப்பான் கூட்டைவிட்டு இறங்கும்போது முட்டைகள் மேல் செடியை இழுத்து மூடும். அவசர அவசரமாக மூடுவதைப் பார்த்தால், நாம் மிக அருகில் போய்விட்டோம் என்று அர்த்தம். அது திரும்ப வந்து அடை உட்காரும்வரை பின்னால் நகர்ந்து நில்லுங்கள். வணக்கம்.